கடையில வாங்கின விக்கை வீட்லயே வெட்டி முகத்துக்கு ஏத்த மாதிரி ஆக்குறது எப்படி

கீமோ ஆரம்பிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் வீட்ல யாராவது ஒருத்தர் ஓடிப்போய் விக் வாங்கிட்டு வந்துடுறோம், ஆனா முக்காவாசி பேர் அதை ஒரு தடவை மாட்டி கண்ணாடியப் பாத்துட்டு பீரோவுல வச்சுடுறாங்க, கேட்டா "அது நான் மாதிரியே இல்ல"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. டப்பாவுல இருந்து எடுத்தபடியே போட்டா எந்த விக்கும் யாருக்கும் பொருந்தாது, ஏன்னா யாரு வாங்குனாலும் வெட்டிக்கட்டும்னு முடிய அதிகமா வச்சு, நீளத்தையும் அதிகமா விட்டு, நுனிய ஒரே கோட்டுல நிறுத்திதான் அனுப்புறாங்க. அதனால வெட்டணும், முக்கியமா முடிய குறைக்கணும். பாக்குறவங்க கண்ணுக்கு விக்னு தெரியறதுக்கு விலையோ பிராண்டோ பெரிய காரணம் இல்ல, தேவைக்கு மேல முடி இருக்குறதுதான் காரணம். பார்லர்ல பண்ணித் தர்றாங்க, ஆனா ட்ரீட்மென்ட் நேரத்துல அங்க போய் எல்லார் முன்னாடியும் தலைய காட்டிக்கிட்டு உக்கார எத்தனையோ பேருக்கு மனசு வராது, அதனால வீட்லயே பொறுமையா பண்ணலாம், நிஜமாவே முடியும்.

கத்திரிய எடுக்குறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்குறது நிஜ முடியா சிந்தெடிக்கான்னு தெரிஞ்சுக்கோங்க, வெட்டுறதுல இருந்து துவைக்கிறது வரைக்கும் ரெண்டுக்கும் முறை வேற. பில்லுல என்ன போட்டிருந்தாலும் பின்பக்கம் அடியில இருந்து ஒரே ஒரு இழைய உருவி, ஒரு தட்டு மேல இடுக்கியில பிடிச்சு தீக்குச்சியில காட்டுங்க. நிஜ முடின்னா சுருண்டு எரிஞ்சு முடி கருகுற வாடை வரும், விரல்ல தேய்ச்சா சாம்பலா பொடியும். சிந்தெடிக்னா உருகி நுனியில கெட்டியா ஒரு குண்டு மாதிரி நிக்கும், பிளாஸ்டிக் வாடை வரும். நிஜ முடியில ரெமின்னு ஒண்ணு சொல்லுவாங்க, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில இருக்குற மாதிரி சேர்த்த முடி, திருப்பதியிலயும் பழனியிலயும் மொட்டை போடுறப்ப எடுக்குற நீளமான முடிக்கு உலகம் முழுக்க விக் கம்பெனிகள்ல மதிப்பு இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம், கொத்தா கட்டி எடுத்தா திசை மாறாது. சீப்புல உதிர்ந்ததை சேர்த்து செய்யுற முடி தலைகீழா கலந்துடும், அதை கெமிக்கல்ல போட்டு மேல்தோல உரிச்சு சிலிக்கான் பூசி பளபளன்னு விப்பாங்க, கொஞ்ச வாஷ்ல பூச்சு போனதும் சிக்கு பிடிக்க ஆரம்பிச்சுடும். அப்படிப்பட்ட விக்க நீளமா வச்சுக்காதீங்க, தோளுக்கு மேல வெட்டிடுறது நல்லது.

அளவு எடுக்குறது பத்தி. நெத்தியில முடி ஆரம்பிக்குற இடத்துல இருந்து காதுக்கு மேலயா பிடரி வழியா சுத்தி வந்து டேப்புல பாருங்க, ரெடிமேட் விக்ல மீடியம்னு போட்டிருக்குறது பெரும்பாலும் 21.5ல இருந்து 22.5 இன்ச் தலைக்குத்தான். தலையில அடர்த்தியா முடி இருக்குறப்ப எடுத்த அளவ வச்சு வாங்கினா முடி கொட்டினதுக்கு அப்புறம் லூசாயிடும். முடி கொட்டுற மருந்துன்னா முதல் கீமோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும் (எல்லா மருந்துக்கும் கொட்டாது, டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க), அந்த இடைவெளிக்குள்ள ஒரு வேலைய மறக்காம பண்ணிடுங்க: முன்னாடி, ரெண்டு பக்கம், பின்னாடின்னு நாலு போட்டோ, ஜன்னல் வெளிச்சத்துல, அவங்க தினமும் எப்படி சீவிக்குவாங்களோ அப்படியே. கல்யாணத்துல எடுத்த போட்டோ வேணாம், வீட்டு போட்டோதான் வேணும். வகிடு எந்தப் பக்கம், நெத்தி எவ்ளோ தெரியுது, காதோரம் என்ன இருக்குன்னு அதுலதான் தெரியும். நீங்க வெட்டப் போறது அந்த போட்டோவப் பாத்துத்தான்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். தெர்மாகோல் தலை ஒண்ணு, அதை மேஜையில ஆடாம நிக்க வைக்க ஏதாவது, டி வடிவத்துல இருக்குற நீளமான ஊசிகள், அகலப் பல்லு சீப்பு, வால் சீப்பு, முடிய பிரிச்சு நிறுத்த நாலஞ்சு பெரிய கிளிப், தண்ணி ஸ்ப்ரே, முடி வெட்டுற கத்திரி, ஒரு பக்கம் பல்லு வச்ச தின்னிங் கத்திரி. முடி வெட்டுற கத்திரிக்கு மட்டும் கொஞ்சம் காசு போடுங்க, தையல் கத்திரியும் சமையல் கத்திரியும் இழைய நசுக்கும், நுனி பிளந்துடும், அதுவும் சிந்தெடிக்ல நசுங்குன நுனி ரெண்டே நாள்ல சுருண்டு நிக்கும். சிந்தெடிக் வெட்டுறதுக்கு ஒரு கத்திரிய தனியாவே வச்சுக்கோங்க, அது கூர சீக்கிரம் மழுக்கிடும்.

விக்க முதல்ல அகலப் பல்லு சீப்பால நுனியில இருந்து சிக்கெடுத்துக்கிட்டே மேல வாங்க, வேர்ல இருந்து இழுத்தா முடிச்சு அவுந்து முடி உதிரும், உதிர்ந்தது திரும்ப முளைக்காது. அப்புறம் தெர்மாகோல் தலையில மாட்டி, நெத்திக்கு நடுவுல ஒரு ஊசி, ரெண்டு காதுப்பக்கம் ஒவ்வொண்ணு, பிடரியில ரெண்டு குத்துங்க. முன் ஓரத்துல லேஸ் (முடி கோத்திருக்குற மெல்லிசான வலைத்துணி) இருந்தா அதுல குத்தாதீங்க, கிழியும். தெர்மாகோல் தலை நம்ம தலைய விட சின்னது, அதுக்கு தோளும் கிடையாது, அதனால அதுல பாக்குற நீளம் பொய்யான நீளம். போட்டவங்க தலையில அது இன்னும் மேல ஏறித்தான் நிக்கும். இதுக்காகவே முதல் வெட்டுல நீங்க நினைக்குற நீளத்த விட ரெண்டு இன்ச் கூடவே விடுங்க.

சிந்தெடிக்க காய்ஞ்ச நிலையில வெட்டுங்க. நிஜ முடிய லேசா ஈரம் பண்ணி நீளத்த மட்டும் வெட்டிட்டு, மத்த வேலைய காய்ஞ்சதுக்கு அப்புறம் பண்ணுங்க, ஏன்னா அலை முடி காயறப்ப சுருங்கி மேல ஏறும். காதுல இருந்து காதுக்கு பின்பக்கமா ஒரு கோடு பிரிச்சு மேல இருக்குறதையெல்லாம் சுருட்டி கிளிப் போட்டுட்டு, பிடரி ஓரத்துல இருக்குற அடி வரிசைய மட்டும் தொங்க விட்டு அதை முதல்ல வெட்டுங்க, அப்புறம் ஒரு விரல் அகலத்துக்கு அடுத்த வரிசைய இறக்கி அடியில இருக்குறத அளவா வச்சு வெட்டுங்க, இப்படியே உச்சி வரைக்கும். கத்திரிய படுக்க வச்சு ஒரே கோடா வெட்டாதீங்க, முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு கத்திரி நுனிய மேல பாத்த மாதிரி நிமித்தி, குட்டி குட்டியா கொத்துற மாதிரி வெட்டணும். நுனி ஏறி இறங்கி இருக்கும், அதுதான் வேணும், தலையில முளைச்ச முடி எதுவும் ஒரே நீளத்துல இருக்குறது இல்ல. பிளேடு வச்சு சீவுறத நிஜ முடிக்கு மட்டும் வச்சுக்கோங்க, சிந்தெடிக்ல பிளேடு போட்டா இழை உரிஞ்சு பஞ்சு மாதிரி ஆயிடும்.

இப்ப முக்கியமான வேலை, அடர்த்திய குறைக்குறது. விக் விக்குறவங்க அடர்த்திய சதவீதத்துல சொல்லுவாங்க, 120, 130 இருந்தா சாதாரண தலை மாதிரி இருக்கும், 150 கொஞ்சம் ஜாஸ்தி, 180 எல்லாம் போட்டோவுக்குத்தான் நல்லா இருக்கும். நம்ம ஊர்ல அம்பது வயசு அம்மாவுக்கு வாங்கிட்டு வர்றது முக்காவாசி 150க்கு மேலதான் இருக்கு, அத்தன முடி அவங்களுக்கு இருபது வயசுல கூட இருந்திருக்காது, அதான் கண்ணாடியப் பாத்ததும் வேற யாரோ மாதிரி தெரியுது. குறைக்குறப்ப மேல் வரிசைய தொடாதீங்க. மேல இருக்குற ரெண்டு விரல் அகலத்த பிரிச்சு கிளிப் போட்டுட்டு, அடியில இருக்குற வரிசைகள்ல, நடு நீளத்துல இருந்து நுனி வரைக்கும் மட்டும் தின்னிங் கத்திரி போடுங்க. ஒரு தடவை போட்டு, சீவி, விழுந்தத எடுத்துட்டு, தள்ளி நின்னு பாத்துட்டு அடுத்த தடவை போடுங்க. வேர்ப்பக்கம் தின்னிங் போட்டா வெட்டுப்பட்ட குட்டை முடி எல்லாம் மேல் முடிய தள்ளிக்கிட்டு நிக்கும், அடர்த்தி குறையறதுக்கு பதிலா கூடின மாதிரி தெரியும். காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் தாராளமா குறைக்கலாம், அங்கதான் தொப்பி மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும். உச்சியில கொஞ்சம் பயந்தே வேலை செய்யுங்க, மெஷின்ல தைச்ச விக்ல அடியில வரிசை வரிசையா பட்டி ஓடும், உச்சியில முடி குறைஞ்சா அந்த பட்டி வெளிய தெரிஞ்சுடும். சிந்தெடிக்ல வேர்கிட்ட குட்டையா சுருண்ட முடி ஒண்ணு இருக்கும், அழுக்கா என்னன்னு நினைச்சு அதை வெட்டிடாதீங்க, அந்த பட்டிய மறைக்கத்தான் வச்சிருக்காங்க.

முன்பக்கத்துக்கு வருவோம். எங்க பெரியம்மாவுக்கு விக் பண்றப்ப நீளம், அடர்த்தி எல்லாம் முடிச்சு தலையில வச்சுட்டு "பாருங்க பெரியம்மா"ன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியவே பாத்தாங்க. "எனக்கு நெத்தி இவ்ளோ சின்னதுடி கிடையாது, எனக்கு ஏறு நெத்தி. அப்புறம் இங்க ரெண்டு முடி இருக்கும்ல எப்பவும், பின்னினாலும் நிக்காம வந்து விழும்ல"ன்னு காதுக்கு முன்னாடி தோட்டுக்கு மேல விரல வச்சு காட்டுனாங்க. விக்க ஒரு விரல் அளவு பின்னாடி தள்ளி, அந்த இடத்துல நாலஞ்சு இழைய வால் சீப்பு நுனியால எடுத்து தோடு வரைக்கும் வெட்டி விட்டதும் "ம், இதான்"ன்னு சொல்லி தானே எழுந்து போய் பொட்டு வச்சுக்கிட்டாங்க. அதனாலதான் சொல்றேன், வேலை செய்யுறப்ப போட்டோவ மட்டும் பாக்காதீங்க, போடப் போறவங்கள பேச விடுங்க, அவங்க முகம் அவங்களுக்குத்தான் தெரியும்.

பொதுவா புருவத்துக்கு மேல நாலு விரல் வச்சா அங்க விக் ஓரம் வரணும், பாதிப்பேர் அதுக்கும் கீழ இழுத்து போட்டுக்குறதுனாலதான் தொப்பி மாதிரி ஆகுது. லேஸ் வச்ச விக்னா முன் ஓரத்துல முடி சுவர் மாதிரி ஒரே அடர்த்தியா ஆரம்பிக்கும், அங்க சின்ன ட்வீசர்ல ஒவ்வொரு இழையா பிடுங்கி ஓரத்த ஒழுங்கில்லாம ஆக்கணும். முதல் வரிசையிலயே பிடுங்காதீங்க, அதுக்குப் பின்னாடி அரை இன்ச்சுக்குள்ள அங்கங்க ஒண்ணு ரெண்டுன்னு எடுங்க, ஒரே இடத்துல நிக்காம கைய நகத்திக்கிட்டே இருங்க, இல்லன்னா சொட்டை மாதிரி தெரியும். வகிட்டையும் இதே மாதிரி கொஞ்சம் அகலப்படுத்தலாம், வகிட்டு ஓரத்துல ரெண்டு பக்கமும் சில இழை எடுத்துட்டு, லேஸுக்கு உள்பக்கம் அவங்க தோல் நிறத்துல காம்பேக்ட் பவுடர் ஒத்தி விட்டா தலைத்தோல் மாதிரியே இருக்கும். முடிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற மிச்ச லேஸ வெட்டுறப்ப முடி ஆரம்பிக்குற ஓரத்துல இருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் விட்டு, நேரா வெட்டாம லேசா வளைஞ்சு நெளிஞ்சு வெட்டுங்க, நேர்கோடு நெத்தியில கண்டுபிடிச்சுடலாம். லேஸ் இல்லாத சாதா விக்னா முன் ஓரத்த மறைக்க நெத்தியில கொஞ்சம் முடி விழணும், கீமோவுல புருவமும் கொட்டுறவங்களுக்கு அது ரெண்டு விதத்துலயும் உதவும். வகிட்டுல இருந்து ரெண்டு புருவத்தோட வெளி ஓரம் வரைக்கும் ஒரு முக்கோணமா பிரிச்சு, அந்த முடிய மட்டும் முதல்ல மூக்கு நுனி நீளத்துக்கு வெட்டுங்க, அப்புறம் தலையில வச்சுப் பாத்து ஒரு பக்கமா சரியற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

கடைசி வெட்ட மட்டும் தலையில போட்டுக்கிட்டு பண்ணணும், தோள் நீளம், காதோரம், நெத்தி மூணும். அப்ப ரொம்ப கவனம், கீமோ நடக்குறப்ப வெள்ளணு, பிளேட்லெட் ரெண்டும் குறைஞ்சிருக்கலாம், கத்திரி லேசா பட்டா கூட ரத்தம் நிக்க நேரமாகும், இன்ஃபெக்ஷன் வரலாம். கத்திரி நுனிய எப்பவும் தோலுக்கு எதிர்ப்பக்கம் வைங்க, காதுக்கும் முடிக்கும் நடுவுல உங்க விரல் இருக்கணும், பிளேடு, ட்வீசர் ரெண்டையும் தெர்மாகோல் தலையோட நிறுத்திக்கோங்க. விக்க ஒட்டுறதுக்கு பசை, டேப் எதுவும் அந்த நேரத்துல வேணாம், தலைத்தோல் புண்ணு மாதிரி எரியும். உள்ள மெல்லிசா ஒரு காட்டன் குல்லா போட்டு, பின்னாடி இருக்குற பட்டைய இறுக்கினாலே நிக்கும். ஒரே மூச்சுல முடிக்கணும்னு அவசியமே இல்ல, அவங்களுக்கு களைப்பா இருந்தா விட்டுட்டு நாளைக்கு பாத்துக்கலாம்.

ஸ்டைலிங்ல சிந்தெடிக்குக்கு வெந்நீர்தான் கருவி. சாதா சிந்தெடிக்ல ஸ்ட்ரெய்ட்னர், டிரையர் எதுவும் படக்கூடாது, பட்ட இடம் உருகிடும். நுனிய உள்பக்கம் வளைக்கணும்னா ரோலர்ல சுத்தி ஊசி குத்திட்டு, கொதிச்சு கொஞ்சம் ஆறின தண்ணிய குவளையில எடுத்து ரோலர் மேல மட்டும் நிதானமா ஊத்துங்க, தெர்மாகோல் தலையில இருக்குறப்ப மட்டும், பாத்ரூம்ல வச்சு. அப்புறம் தொடாதீங்க, ஒரு முழு நாள் காய விட்டு ரோலர எடுத்தா அந்த வளைவு துவைச்சாலும் போகாது. உச்சி உப்பி நின்னா அதே வெந்நீர ஸ்ப்ரேல அடிச்சு, வகிட்ட சீவி படிய வச்சு, மேல ஒரு பழைய காட்டன் துப்பட்டாவ இறுக்கி கட்டி காய விடுங்க, அழகா படிஞ்சுடும். டப்பாவுல ஹீட் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா மட்டும் ஸ்ட்ரெய்ட்னர் படலாம், 120 டிகிரியில அடி வரிசையில ஒரு இழையில பாத்துட்டு மேல போங்க, டப்பாவுல போட்டிருக்குற டிகிரிய தாண்டாதீங்க. நிஜ முடிய நம்ம முடி மாதிரியே எதுவும் பண்ணலாம், ஆனா அதுக்கு வேர்ல இருந்து எண்ணெய் ஊறி வராது, அதனால 160க்கு மேல சூடு ஏத்தாம இருந்தா நீண்ட நாள் வரும்.

சமையல்கட்டு பத்தி தனியா சொல்லணும். சிந்தெடிக் விக் போட்டுக்கிட்டு அடுப்புகிட்ட போகாதீங்க. தாளிக்குறப்ப குனியறது, குக்கர் மூடிய திறக்குறப்ப மூஞ்சியில அடிக்குற ஆவி, இட்லிப் பானை, எது பட்டாலும் முன் முடி நொடியில பொசுங்கி சுருண்டுடும், நெருப்பு பட்டா அதைவிட ஆபத்து. வீட்ல காட்டன் ஸ்கார்ஃப் போதும்.

எண்ணெய் வேணாம், நிஜ முடியா இருந்தாலும் வேணாம், லேஸ்ல போட்ட முடிச்சு எண்ணெய் பட்டா வழுக்கி அவுரும். நுனிக்கு மட்டும் ஒரு சொட்டு சீரம். சீயக்காய், அரப்பு பொடியெல்லாம் உள் துணியில அடைச்சுக்கும், மைல்டு ஷாம்பு ஒரு மூடிய பச்சத் தண்ணியில கலந்து, விக்க அதுல முக்கி வச்சு எடுத்து அலசுங்க, கசக்காதீங்க, முறுக்காதீங்க, துண்டுல ஒத்தி நிழல்ல காய வைங்க, சிந்தெடிக்க ஈரத்துல சீவாதீங்க. பத்து தடவை போட்டா ஒரு தடவைன்னு பொதுவா சொல்லுவாங்க, சென்னை வேர்வைக்கு அதுக்கு முன்னாடியே தேவைப்படும். சாம்பிராணி புகை வாடை இழையில பிடிச்சா லேசுல போகாது. குங்குமத்த வகிட்டுல வச்சா லேஸ்ல கறை பிடிச்சுக்கும், வகிட்டு ஆரம்பத்துல நெத்தியிலயே வச்சுக்கலாம் இல்ல சின்ன ஸ்டிக்கர் ஒட்டலாம். பூ தாராளமா வைக்கலாம், பின்பக்கம் பட்டி தைச்ச இடமா பாத்து ஹேர்பின்ன பட்டிக்குள்ள கோத்து வைங்க, லேஸ்ல மாட்டுனா பூவோட வெயிட்டுக்கே கிழியும், ஒரு முழத்துக்கு மேல வேணாம்.

போடப் போட பிடரியில சட்டைக் காலரும் ரவிக்கையும் உரசி சிந்தெடிக் நுனி பஞ்சு மாதிரி ஆகும், ஸ்கூட்டர்ல ஹெல்மெட் போட்டா இன்னும் சீக்கிரம் ஆகும், அதுக்காக ஹெல்மெட்ட விட்டுடாதீங்க, வண்டியில போறப்ப விக்க பையில வச்சுட்டு போய் இறங்கினதும் போட்டுக்கோங்க. பஞ்சான இடத்த துணிக்கு போடுற சாஃப்ட்னர் கலந்த தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வச்சு அலசி, காய்ஞ்சதும் அகலப் பல்லால சீவுனா ஓரளவு சரியாகும், மிச்சத்த கால் இன்ச் ட்ரிம் பண்ணிடுங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள பெரும்பாலும் சொந்த முடி தலை காட்ட ஆரம்பிக்கும், முன்ன நேரா இருந்தது சுருட்டையா கூட வரலாம், அப்ப விக் உள்ள இறுக்கமாகும், பின் பட்டைய ஒரு கொக்கி லூஸ் பண்ணி விடுங்க, முன்னாடி முளைக்குற முடிய விக் ஓரத்துக்கு வெளிய எடுத்து கலந்து சீவுனீங்கன்னா ஓரமே தெரியாது.